ஐஸ் விழுற சத்தம்

உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்களா? அப்ப உக்காருங்க தம்பி. கதவையே பார்த்துக்கிட்டு நின்னாலும் நாலு மணி நேரம்தான், உக்காந்தாலும் நாலு மணி நேரம்தான். அந்தப் பக்கம் வேணாம், அந்த ஃபேன் பேருக்குத்தான் சுத்துது. இங்க வாங்க, பையை எடுத்துடறேன்.

அம்மாவுக்கா? முதல் தடவையா? ம். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. நாங்க ரெண்டு வருஷமா டயாலிசிஸுக்கு வர்றோம். திங்க, வியாழன், திங்க, வியாழன். ஜன்னலோரமா மூணாவது கட்டில்ல படுத்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. கோதண்டம்னு பேரு. கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்தாரு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து துவாக்குடி வரைக்கும், முப்பத்தோரு வருஷம் அதே ரூட்டு.

ஊசி குத்துறதை நினைச்சு நீங்க பயப்படாதீங்க. அதெல்லாம் பழகிடும். இதுல பழகாத ஒண்ணு தாகந்தான். டாக்டர் சொல்லியிருப்பாரே, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு. இவருக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், மாத்திரை முழுங்குற தண்ணி, எல்லாம் அந்த முக்கால் லிட்டருக்குள்ள அடங்கணும். நம்ம திருச்சி வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? கிட்னி வேலை செய்யாததால குடிக்கிற தண்ணி வெளிய போகாது. உடம்புலயே தங்கிடும். ரெண்டு தடவைக்கு நடுவுல எத்தனை கிலோ ஏறியிருக்குன்னு இங்க வந்ததும் எடை போட்டுப் பார்ப்பாங்க. கூடப் போச்சுன்னா நர்ஸ் நம்மளைத்தான் திட்டுவாங்க, குடிச்சவங்களைத் திட்ட மாட்டாங்க.

தாகத்துக்கு ஐஸ் கட்டி குடுங்கன்னு உங்களுக்கும் சொல்லுவாங்க. வாயில போட்டு அடக்கிக்கிட்டா கொஞ்சம் தண்ணியிலயே நாக்கு ரொம்ப நேரம் ஈரமா இருக்கும். நல்ல யோசனைதான், நான் இல்லைங்கலை. ஆனா அந்த ஐஸால நான் பட்ட பாடு இருக்கே, அதைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

முதல்ல நான் சாதாரண ட்ரேயிலதான் ஐஸ் வச்சேன். ஒவ்வொரு கட்டியும் இவ்வளவு பெருசு, வாய்க்குள்ள போகாது. துணியில சுத்தி, அம்மிக் குழவியால தட்டி உடைச்சு, கிண்ணத்துல போட்டுக் குடுக்கணும். கிண்ணத்தை அவரு கையில குடுத்தோம்னா ஒரே மூச்சுல காலி. அதனால பக்கத்துல உக்காந்து ஒரு ஸ்பூன் குடுத்து, அது கரையறவரைக்கும் இருந்து, அப்புறம் அடுத்த ஸ்பூன். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், அரை மணி நேரம் ஆயிடும். ஒரு நாளைக்கு நாலு தடவை. அந்த நேரம் பூரா பேச்சு வேற. கண்டக்டர் வாய்தானே. எவனோ ஒருத்தன் பால்பண்ணை ஸ்டாப்புல ஆட்டுக்குட்டியோட ஏறினானாம், அதுக்கு டிக்கெட் போடணுமா வேணாமான்னு பஸ்ஸு பூரா சண்டையாம். எனக்கு உலை கொதிக்கும், குக்கர் விசிலடிக்கும், இவரு ஆட்டுக்குட்டியைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பாரு.

என் பொண்ணு பூங்குழலி புனேயில இருக்கா. போன்ல நான் புலம்புறதைக் கேட்டுட்டு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி அனுப்பிட்டா. ரெண்டு கதவு வச்சு அலமாரி மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பூரா ஃபிரீசர். அதுல மேல சின்னதா ஒரு மெஷின், கீழ ஒரு டப்பா. தண்ணிக் குழாயை அதுக்கே நேரா குடுத்துட்டா தானா தண்ணி பிடிச்சு, தானா உறைய வச்சு, கட்டி கட்டியா டப்பாவுல கொட்டிடும். நான் ஒரு கட்டியை எடுத்துக் கரைச்சு, இருமல் மருந்து மூடியில ஊத்தி அளந்தேன். பன்னெண்டு மில்லி. ஒரு நாளைக்கு எட்டுக் கட்டி, அவ்வளவுதான் கணக்கு. இவருகிட்ட ஒரு இடுக்கியைக் குடுத்து, “வேணும்கிறப்ப நீங்களே போய் ரெண்டு எடுத்துக்கங்க”ன்னு சொல்லிட்டேன்.

எவ்வளவு நிம்மதி தெரியுமா. கிட்டக்கவே போக வேண்டியதில்லை. எனக்குன்னு கொஞ்சம் நேரம் கிடைச்சுச்சு. எங்க அடுக்குமாடியில சங்கம் ஒண்ணு இருக்கு, அதுக்கு என்னைச் செயலாளரா போட்டாங்க. லிஃப்ட் ரிப்பேரு, தண்ணி மோட்டாரு, வண்டி நிறுத்துற சண்டை, சாயங்காலமானா கீழ மீட்டிங். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்திரண்டு வருஷம் பழுது பார்க்கிற பிரிவுல இருந்தவ தம்பி. யார் வீட்டு போன் செத்தாலும், உக்காந்த இடத்துல இருந்து லைனை டெஸ்ட் பண்ணி, பழுது வீட்டுக்குள்ளயா, தெருக் கம்பத்துலயான்னு சொல்லிடுவேன். இது எதுக்குச் சொல்றேன்னா, ஒரு ஐஸ் மெஷின் என்னை ஏமாத்திடும்னு நான் கனவுலயும் நினைக்கலை.

மூணு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் பார்க்கிறேன், கட்டியெல்லாம் சின்னதா, உள்ள ஓட்டையா விழுது. எட்டுக் கட்டி போதலைங்கிறாரு. கரைச்சு அளந்தா ஒண்ணு ஆறு மில்லி, ஒண்ணு நாலு மில்லி. கம்பெனிக்கு போன் பண்ணினேன். தமிழுக்கு ஒண்ணை அழுத்து, புகாருக்கு ரெண்டை அழுத்துன்னு சொல்லி, கடைசியில பாட்டுப் போட்டு விட்டுட்டான். நாலு நாள் கழிச்சு ஒருத்தர் வந்தாரு. தண்ணி ஃபில்டரை மாத்தினாரு, போய்ட்டாரு. மறுநாளும் ஓட்டைக் கட்டி. நானே வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜை முன்னால இழுக்கச் சொல்லிப் பார்த்தா, பின்னால தண்ணி வர்ற டியூப் செவுத்துக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல மாட்டி மடங்கிக் கிடக்கு. நிமித்தி விட்டேன். கட்டி பழையபடி முழுசா விழுந்துச்சு.

பதினோரு நாள். பதினோரு நாள் கழிச்சு சுத்தமா நின்னுடுச்சு. மறுபடி போன், மறுபடி பாட்டு. இந்தத் தடவை நான் காத்துக்கிட்டிருக்கலை. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தண்ணி உள்ள விழுற வாயிலயே உறைஞ்சு போய் அடைச்சிருக்கு. பூங்குழலி விட்டுட்டுப் போன தலைமுடி காய வைக்கிற மெஷினை எடுத்து, பத்து நிமிஷம் சூடு காட்டினேன். ஒரு குச்சி மாதிரி ஐஸ் கழண்டு விழுந்துச்சு. சரியாயிடுச்சு. இவரு பின்னால நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. “சரி பண்ணிட்டியா?”ன்னாரு. “பண்ணிட்டேன்”னேன். போய் உக்காந்துட்டாரு. ஒரு மனுஷி ஒத்தையா இவ்வளவு வேலை பண்ணியிருக்காளேன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?

மூணாவது தடவைதான் என் உசுரை வாங்குச்சு. ரெண்டு நாள் ஓடும், நிக்கும். டப்பாவைக் கழட்டிக் கழுவி, அங்க இங்க தொட்டு, திருப்பி மாட்டினா ஓடும். நாலு நாள் கழிச்சு மறுபடி நிக்கும். தண்ணி வருது. டியூப் நேரா இருக்கு. உறையலை. குளிர் மைனஸ் பதினெட்டு, நானே அளந்தேன். விட்டு விட்டு வர்ற பழுதுதான் தம்பி இருக்கறதுலயே மோசம். ஆள் வந்து பார்க்கிறப்ப ஒழுங்கா ஓடும். கம்பெனியில இருந்து வந்தவங்க ஒருத்தர் தண்ணி வேகம் பத்தலைன்னாரு. பிளம்பரைக் கூப்பிட்டுச் சின்னதா ஒரு பம்பு வச்சேன். இன்னொருத்தர் கரெண்ட்டு ஏறி இறங்குதுன்னாரு. ஸ்டெபிலைசர் வச்சேன். ரெண்டும் உதவலை. சரின்னு ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சேன். என்னைக்கு ஓடுச்சு, என்னைக்கு நின்னுச்சு, அன்னைக்கு வீட்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாத்தையும் எழுதினேன். ஒரு மாசம் எழுதிப் பார்த்தா எப்பவும் சாயங்காலந்தான் நிக்குது. அதுவும் நான் மீட்டிங் போன சாயங்காலமா பார்த்து நிக்குது. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. சாயங்காலம் எல்லா வீட்லயும் ஏசி போடறாங்க, வோல்டேஜ் இறங்குது. கரெண்ட் ஆபீசுக்கு மனு எழுதினேன், சங்கத்து லெட்டர்பேடுலயே.

அந்த மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. டப்பாவுல ஐஸ் இல்லை, நான் கீழ இருக்கேன். இவருக்குத் தாகம் தாங்கலை. குழாயடியில நின்னு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிருக்காரு. ஒண்ணு இல்லை, ரெண்டு சொம்பாம், அப்புறந்தான் சொன்னாரு. மறுநாள் விடிஞ்சதும் மூச்சு வாங்குது, படுக்க முடியலை, உக்காந்தா உக்காந்தபடி இழுக்குது. ஆட்டோவுல வர்றப்ப என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வாயால மூச்சு விட்டாரு. இங்க வந்ததும் ஆக்சிஜன் வச்சு, நேரா மெஷின்ல போட்டாங்க. மூணே முக்கா கிலோ ஏறியிருந்துச்சு. “நீங்க வீட்ல பார்த்துக்க மாட்டீங்களாம்மா?”ன்னு நர்ஸ் எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. நான் பார்த்துக்காமலா? ஒரு மாசமா ராப்பகலா அந்த ஃபிரிட்ஜைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்?

அதுக்கப்புறம் கம்பெனியில பெரிய ஆளுகிட்டப் பேசி, சேவியர்னு ஒருத்தரை வரவழைச்சேன். அனுபவஸ்தர். கதவைத் திறந்தாரு, பார்த்தாரு, ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

“இந்தக் கம்பியை யாரும்மா தூக்கி வச்சது?”ன்னாரு.

மெஷினுக்குப் பக்கத்துல வளைஞ்ச மாதிரி ஒரு கம்பி இருக்கு. நான் அதை ஏதோ பிடிமானம்னு நினைச்சிருந்தேன். அது கீழ இருந்தா மெஷின் ஓடும், மேல தூக்கி விட்டா நின்னுடும். அதுதான் ஸ்விட்ச்சே.

“தானா மேல போயிருக்குமோ?”ன்னு கேட்டேன்.

“டப்பா நெறைஞ்சா போகும். உங்க டப்பா காலியால்ல இருக்கு. இது கை பட்டுத்தான் போயிருக்கு.”

நான் டப்பாவைக் கழட்டி மாட்டறப்பல்லாம் எனக்கே தெரியாம அதைக் கீழ இறக்கி விட்டிருக்கேன். அதான் ஓடியிருக்கு. சரி, தூக்கி விடறது யாரு? வீட்ல ஃபிரிட்ஜைத் துடைக்கிறது செல்வராணி. ஆறு வருஷமா எங்க வீட்ல வேலை பார்த்த பொண்ணு. அவளைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்டேன். “நான் வெளிப்பக்கந்தாம்மா துடைப்பேன், உள்ள கையே வைக்கிறதில்லை”ன்னா. எனக்கு அன்னைக்கு இருந்த ஆத்திரத்துல என்ன பேசினேன்னு தெரியலை. ஐயாவைக் கொல்லப் பார்த்தியேன்னு கேட்டுட்டேன். ஆமா, அப்படித்தான் கேட்டேன். இவரு ஹால்ல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அதுல இருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பொண்ணு கையில இருந்த துணியைப் பிழிஞ்சு கம்பியில காயப் போட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போய்ட்டா.

மூணு நாள் கழிச்சு ஒரு மீட்டிங். ஆள் சேரலைன்னு கலைச்சுட்டாங்க. அஞ்சு மணிக்கே மேல வந்துட்டேன். கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்தா, சமையக்கட்டுல இவரு நிக்கிறாரு. ஃபிரீசர் கதவு திறந்திருக்கு. கை உள்ள இருக்கு.

“என்ன பண்றீங்க?”ன்னேன்.

“நிறுத்தறேன்”னாரு. மறைக்கக்கூட இல்லை.

“எதுக்கு?”

“சத்தம் கேக்குது.”

“ஐஸ் விழுந்தா சத்தம் கேக்கத்தான் செய்யும்.”

கதவைச் சாத்திட்டு அதுமேலயே சாஞ்சு நின்னுக்கிட்டாரு. “நான் அங்க படுத்திருக்கேன். சமையக்கட்டுல கடகடன்னு சத்தம் கேக்குது. நீ வந்துட்டேன்னு நினைச்சுக்கறேன். தமயந்தின்னு கூப்பிடறேன். பதில் இல்லை. எந்திரிச்சு வந்து பார்த்தா யாரும் இல்லை, ஐஸ். மறுபடி போய்ப் படுக்கறேன், மறுபடி கேக்குது. எத்தனை தடவை எந்திரிச்சு வர்றது?”

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. “செல்வராணியை அந்தப் பேச்சு பேசினேனே, அப்ப வாயைத் திறக்கறதுக்கென்ன?”ன்னு கேட்டேன்.

“நீ பேசின வேகத்துல எனக்கு எங்க இடம் இருந்துச்சு?”ன்னாரு.

பாருங்க தம்பி. ஒரு மாசம். பம்பு, ஸ்டெபிலைசர், நோட்டு, மனு, ஆட்டோ, ஆக்சிஜன். எல்லாம் எதுக்காக? சத்தத்துக்காக. சத்தம் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொன்னா நான் அதுக்கு ஒரு வழி பண்ண மாட்டேனா? அப்பவே பண்ணினேன். டப்பாவுக்கு அடியில பழைய துண்டை நாலா மடிச்சுப் போட்டேன். சத்தம் பாதிக்குப் பாதி குறைஞ்சுடுச்சு. கம்பியில இனிமே யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அதைக் கீழ இழுத்து, கட்டுக் கம்பியால இறுக்கிக் கட்டியும் போட்டேன்.

செல்வராணி வீட்டுக்கும் போனேன். போகலைன்னு நினைச்சுக்காதீங்க. அவ மாமியார் வாசல்லயே வச்சு, அவ இல்லைன்னுட்டாங்க. உள்ள அவ வளையல் சத்தம் கேட்டுச்சு. இப்ப எங்க கட்டடத்துலயே நாலாவது மாடியில வேலை பார்க்கிறா. லிஃப்ட்டுல பார்த்தா நம்பர் எரியறதையே பார்த்துக்கிட்டு நிப்பா. நான் தப்புதான்னு சொல்லிட்டேன், அந்த லிஃப்ட்டுலயே சொன்னேன். “சரிங்கம்மா”ன்னு மட்டும் சொன்னா. அதுக்கு மேல நான் என்ன செய்ய?

அதோட முடிஞ்சுதான்னா, இல்லை. நான் சொன்னேனே, டப்பா நெறைஞ்சா அந்தக் கம்பி மேல போயி மெஷினை நிறுத்தும்னு. நான்தான் அதைக் கட்டிப் போட்டுட்டேனே. வீட்ல இருக்கறப்ப நெறைய நெறைய நானே அள்ளிக் கொட்டிடுவேன். பூங்குழலி வீட்டு விசேஷத்துக்கு நான் மட்டும் நாலு நாள் புனே போயிருந்தேன். இவருக்குத் துணைக்கு இவரு தங்கச்சி வந்து இருந்தாங்க. திரும்பி வந்து ஃபிரீசரைத் திறந்தா, டப்பா நெறைஞ்சு, மெஷினுக்குள்ள ஏறி, மேல வரைக்கும் ஒரே பாறையா நிக்குது. கட்டியைத் தள்ளுற கை முறிஞ்சு, மோட்டார் பல்லு தேஞ்சு போச்சு. சேவியர் வந்து பார்த்துட்டு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாரு. “முழு மெஷினையே மாத்தணும்மா. வெளியூர்ல இருந்து வரணும்”னாரு. மூணு வாரமாச்சு.

இந்த மூணு வாரமும் பழைய கதைதான். ட்ரே, துணி, குழவி, கிண்ணம், ஸ்பூன். சங்கத்துல செயலாளர் வேலையை வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டேன், முடியலை. ஒரு நாளைக்கு நாலு தடவை பக்கத்துல உக்காரணும். பேச்சு வேற. இந்தத் தடவை இவரு ரூட்டையே ஆரம்பத்துல இருந்து பிடிச்சுட்டாரு, ஸ்டாப்பு ஸ்டாப்பா. அரியமங்கலத்துல ஒரு பொம்பளை தினமும் ஒரே சீட்டுல உக்காந்து பூக் கட்டிக்கிட்டே வருவாங்களாம், இறங்கறப்ப டிரைவருக்கு ஒரு முழம் வச்சுட்டுப் போவாங்களாம். காட்டூர்ல ஒரு வாத்தியார் பஸ்ஸுலயே பேப்பர் திருத்தி, பெயிலான பையன் பக்கத்துலயே நிக்கிறது தெரியாம சத்தமா மார்க்கு கூட்டினாராம். நான் காதுலயே வாங்கறதில்லை. ஸ்பூனைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். நேத்து வரைக்கும் கதை திருவெறும்பூர் ஸ்டாப்புக்கு வந்திருக்கு.

இன்னைக்கு எடை பார்த்தாங்க. ஒண்ணே முக்கால் கிலோதான் ஏறியிருக்கு. போன தடவையும் அதேதான். “நல்லா இருக்காரும்மா, என்ன மாத்தினீங்க?”ன்னு நர்ஸ் கேட்டாங்க. உப்பைக் குறைச்சுட்டேன்னு சொன்னேன். உண்மையிலயே குறைச்சிருக்கேன், ரசத்துல.

ஒரு நிமிஷம் இருங்க தம்பி. போன் அடிக்குது.

சொல்லுங்க. ஆமா, தமயந்திதான் பேசறேன். சேவியர் சாரா, சொல்லுங்க சார். வந்துடுச்சா? ம். நாளைக்கா? இல்லை சார், நாளைக்கு முடியாது. புதன்கிழமையும் இல்லை. வியாழன் நாங்க ஆஸ்பத்திரியில இருப்போம். வெள்ளி... வெள்ளிக்கிழமை வீட்ல ஆள் வர்றாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க, அடுத்த மாசம் ஒரு தடவை போன் பண்ணுங்க. இல்லை சார், அவசரம் ஒண்ணும் இல்லை. அது பாட்டுக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். சரி. வச்சுடறேன்.

என்ன பார்க்கறீங்க? மாட்டினா மறுபடி ஃபிரிட்ஜை இழுக்கணும், சமையக்கட்டு பூரா தண்ணி ஆகும், யாரு துடைக்கறது? வீட்ல வேலைக்கும் ஆள் இல்லை. அதான். மெதுவாப் பார்த்துக்கலாம்.

அம்மாவுக்கு ஐஸ் குடுக்கச் சொன்னா நீங்க மெஷின் கிஷின்னு போகாதீங்க. ரெண்டு ட்ரே வாங்கிக்கங்க, போதும். உடைச்சு, கிண்ணத்துல போட்டு, பக்கத்துல உக்காந்து உங்க கையாலயே குடுங்க. கரைஞ்சப்புறம் அடுத்த ஸ்பூன் குடுங்க, அவசரப்படுத்தாதீங்க. அப்பத்தான் எவ்வளவு உள்ள போகுதுன்னு அளவு தெரியும். அதுக்காகத்தான் சொல்றேன்.